வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு: அரைத் தானியங்கி ரைஃபிள் ஒழுங்காக இயங்குவது எதனால்?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஏ.ஆர்.-15 வகை அரைத் தானியங்கி ரைஃபிள்களை (விசையை இழுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு குண்டைச் சுட்டு, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்பவை) பலர் பாகம் பாகமாக வாங்கித் தாங்களே சேர்த்துக்கொள்கிறார்கள். குழல் ஒரு நிறுவனத்தினுடையது, குழலின் பின்முனையை மூடிப் பூட்டும் போல்ட் இன்னொன்றினுடையது, சுருள்வில் வேறொன்றினுடையது. தனித்தனியே பார்த்தால் எல்லாமே தரமானவை. அப்படியிருந்தும் சேர்த்து முடித்த துப்பாக்கி சில சமயம் ஏன் திணறுகிறது, எந்தப் பாகத்தை மாற்றினால் அது சீராகும், குறி நெருக்கமாக விழ எதைத் திருத்த வேண்டும் என்பதே கேள்வி.

எந்தப் பாகத்தை மாற்றுவது என்று தொடங்குவதே பிசகு என்பது என் கருத்து. இந்த வகைத் துப்பாக்கியில் பழுதாக இருப்பது பெரும்பாலும் ஒரு பாகம் அல்ல, பாகங்களுக்கிடையே உள்ள நேரக் கணக்கு. வெடிமருந்து எரியும் வேகம், குழலிலிருந்து வாயுவை எடுக்கும் வாயுத் துளை இருக்கும் இடம், பின்னோக்கி ஓடும் இரும்பின் நிறை, அதை மீட்டுத் தள்ளும் சுருள்வில்லின் வலு, தோட்டாக்களை அடுக்கிவைக்கும் பெட்டியான மேகசினில் உள்ள வில் அடுத்த தோட்டாவை உயர்த்தும் வேகம் ஆகிய ஐந்தும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்தால்தான் துப்பாக்கி ஓடும். இவற்றில் நான்கு மிகச் சிறப்பாக அமைந்து ஐந்தாவது மட்டும் மாறினாலும் கணக்கு கலைந்துவிடும். இதை ஒரு பெரிய நாட்டின் இராணுவமே உயிர்களைக் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டது. அந்த வரலாற்றுக்குப் பின்னால் வருகிறேன்.

இங்கே நான் பேசப்போவது இயக்கவியலையும் அதன் வரலாற்றையும் மட்டுமே. உரிமம் இல்லாமல் துப்பாக்கியைத் தானே சேர்ப்பது பல நாடுகளில் குற்றம். அமெரிக்காவிலும் 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், ரிசீவர் எனப்படும் உடற்பகுதியே சட்டத்தின் கண்ணில் துப்பாக்கியாகக் கொள்ளப்படுகிறது. மாநிலத்துக்கு மாநிலம் விதிகளும் வேறுபடுகின்றன.

விசையை இழுத்தபின் நடப்பதை வரிசையாகப் பார்ப்போம். சுத்தியல் எரியூசியை அடிக்கிறது, ஊசி தோட்டாவின் பின்புறத்தில் உள்ள பிரைமரைக் குத்துகிறது, வெடிமருந்து பற்றுகிறது. இந்த ரைஃபிளின் 5.56 மி.மீ. வகைத் தோட்டாவில், அறைக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) எழும் உச்ச அழுத்தம் ஏறத்தாழ 380 மெகாபாஸ்கல். அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல மூவாயிரத்து எழுநூறு மடங்கு. இந்த அழுத்தத்தில் பித்தளை உறை விரிந்து அறையின் சுவரோடு இறுக ஒட்டிக்கொள்கிறது. இது குறையல்ல, தேவையே; உறை ஒட்டிக்கொள்வதால்தான் வாயு பின்பக்கமாகச் சுடுபவரின் முகத்துக்கு வராமல் முன்பக்கமாகக் குண்டைத் தள்ளுகிறது. குண்டு ஏறத்தாழ ஒரு மில்லிவினாடியில் 20 அங்குலக் குழலைக் கடந்து, வினாடிக்கு 990 மீட்டர் அளவிலான வேகத்தில் வெளியேறுகிறது. குண்டு வெளியேறியதும் அழுத்தம் சரிகிறது, பித்தளை சற்றே சுருங்கிச் சுவரை விடுகிறது.

முழுச் சிக்கலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. உறை சுவரை விட்டபின்தான் அதை வெளியே இழுக்க வேண்டும். ஆனால் இழுப்பதற்கான ஆற்றலோ குண்டு குழலுக்குள் இருக்கும்போதே, அழுத்தம் மிகுந்திருக்கும்போதே, வாயுவிலிருந்து எடுக்கப்பட்டாக வேண்டும். ஆற்றலை முன்னே எடுத்து, வேலையைப் பின்னே செய்ய வேண்டும். இடையில் உள்ள தாமதத்தை உண்டாக்குவது போல்ட்டைச் சுமந்து ஓடும் கேரியரின் நிறையும், போல்ட் திரும்பிப் பூட்டு அவிழ்வதற்கு முன் கேரியர் சும்மா நகரும் சிறிய தூரமும்தான். அந்தத் தாமதம் குறைந்தால், போல்ட்டில் உள்ள கவ்வி என்னும் கொக்கி, இன்னும் சுவரில் ஒட்டியிருக்கும் உறையைப் பிடித்து இழுக்கும். உறையின் விளிம்பு கிழிந்து, காலி உறை அறைக்குள்ளேயே தங்கிவிடும். ஆற்றல் குறைந்தாலோ, போல்ட் பின்னால் முழுதும் போகாமலே திரும்பிவிடும். காலி உறை வெளியே விழாது, அல்லது அடுத்த தோட்டா எடுக்கப்படாது.

இந்தச் சிக்கலை மனிதர்கள் எத்தனை வழிகளில் அணுகினார்கள் என்பதே அரைத் தானியங்கித் துப்பாக்கியின் வரலாறு. 1889-இல் யூட்டாவில் ஜான் பிரௌனிங், சுடும்போது குழல்வாயிலிருந்து வெளிவரும் வாயு எதிரே உள்ள புற்செடிகளை விலக்கித் தள்ளுவதைக் கவனித்து, வீணாகும் அந்த வாயுவைக் கொண்டே துப்பாக்கியை இயக்கலாம் என்ற முடிவுக்கு வந்தார். அந்த எண்ணம் வளர்ந்து கோல்ட் நிறுவனத்தின் 1895-ஆம் ஆண்டு இயந்திரத் துப்பாக்கியாக உருப்பெற்றது. மெக்சிகோவின் இராணுவ அதிகாரி மானுவேல் மொண்ட்ராகோன் வடிவமைத்து, ஸ்விட்சர்லாந்தில் சிக் நிறுவனம் தயாரித்த ரைஃபிளை மெக்சிகோ இராணுவம் 1908-இல் ஏற்றது. ஆனால் அந்தக் காலத்துத் தோட்டாக்கள் ஒரே சீராகத் தயாராகவில்லை. தோட்டா மாறினால் வாயு மாறும், வாயு மாறினால் இயக்கம் மாறும். வடிவமைப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதற்கு ஊட்டப்படும் தோட்டா சீராக இல்லாவிட்டால் பயனில்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

வாயுவை நம்பாமல் வேறு வழி தேடியவர்களும் இருந்தார்கள். ஜான் பெடர்சன் 1920-களில் வடிவமைத்த ரைஃபிளில் வாயுத் துளையே கிடையாது. போல்ட்டின் முழங்கால் போன்ற மடிப்பு மெதுவாக அவிழ்ந்து தாமதம் உண்டாக்கும். ஆனால் உறை அறையை விட்டு எளிதில் வழுக்கி வருவதற்காக அவருடைய தோட்டாக்களின் மேல் மெழுகு பூச வேண்டியிருந்தது. பிற்காலத்தில் ஜெர்மனியின் ஜி3 ரைஃபிளில் இதே வேலைக்காக அறையின் சுவரில் நீளவாக்கில் பள்ளங்கள் வெட்டினார்கள். வாயு அவற்றின் வழியே கசிந்து உறைக்கும் சுவருக்கும் இடையே புகுந்து ஒட்டுதலைக் குறைத்தது. மெழுகும் பள்ளமும் தோற்றத்தில் தொடர்பில்லாதவை. இரண்டும் பதில் தேடியது ஒட்டிக்கொண்ட பித்தளையை எப்படி விடுவிப்பது என்ற ஒரே கேள்விக்குத்தான்.

வாயுவால் இயங்கும் வழியில் முதல் பெரிய வெற்றி, கனடாவில் பிறந்து ஸ்பிரிங்ஃபீல்ட் படைக்கலச் சாலையில் பணியாற்றிய ஜான் கரண்டின் எம்1 ரைஃபிள். 1936-இல் அமெரிக்க இராணுவம் அதை ஏற்றபோது, வாயு குழல்வாய்க்கு முன்னால் பொருத்திய ஒரு கூம்பில் பிடிக்கப்பட்டது. குழலில் துளை போடுவது குழலைக் கெடுத்துவிடும் என்ற அச்சம் அப்போது பரவலாக இருந்தது. அந்த அமைப்பு நம்பகமாக இல்லாததால் 1940 வாக்கில் குழல்வாய்க்குச் சற்று முன்பே ஒரு சிறு துளையிட்டு வாயுவை எடுக்கும் முறைக்கு மாறினார்கள். துளை குழல்வாய்க்கு மிக அருகில் இருப்பதால் அங்கே வாயு அழுத்தம் தாழ்ந்திருக்கிறது, நேரமும் கிடைக்கிறது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. வாயுவின் தள்ளலைப் பின்னால் கொண்டுசேர்க்க நீளமான, வளைந்த ஒரு தண்டு தேவைப்பட்டது. கனமான குண்டையும் மெதுவாக எரியும் மருந்தையும் கொண்ட தோட்டாவைப் போட்டால், துளையருகே அழுத்தம் எதிர்பார்த்ததைவிட உயர்ந்து, அந்தத் தண்டு வளைந்துபோகும். எம்1 வைத்திருப்பவர்கள் இன்றும் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பதில் இவ்வளவு கவனமாக இருப்பது இதனால்தான்.

சோவியத் நாட்டின் தோக்கரேவ் தன் எஸ்.வி.டி.-40 ரைஃபிளில் வேறு விதமாக யோசித்தார். வாயு எவ்வளவு வேண்டும் என்பதைச் சுடுபவரே மாற்றிக்கொள்ளும்படி ஐந்து நிலைகள் கொண்ட ஒழுங்கியை வைத்தார். பெல்ஜியத்தின் எஃப்.ஏ.எல். ரைஃபிளிலும் ஒழுங்கி உண்டு. அதில் தேவைக்கு மேற்பட்ட வாயு வெளியே விடப்படுகிறது, அழுக்கேறி இயக்கம் மந்தமானால் வெளியேற்றத்தைக் குறைத்துப் பிஸ்டனுக்கு அதிக வாயு கொடுக்கலாம். கலாஷ்னிகோவோ ஒழுங்கியே வைக்கவில்லை. தேவையைவிட அதிக வாயுவைத் தாராளமாக எடுத்து, அதைக் கனமான கேரியரும் அதோடு இணைந்து நீண்ட தூரம் ஓடும் பிஸ்டனும் ஏற்றுக்கொள்ளும்படி விட்டுவிட்டார். மணலும் சேறும் புகுந்தாலும் ஏ.கே. ஓடுகிறது என்றால் அதற்குக் காரணம் இந்த மிகைதான். அதே மிகைதான், சுடும்போது துப்பாக்கி அதிகம் குலுங்குவதற்கும் காரணம்.

ஏ.ஆர்.-15-ஐ வடிவமைத்த யூஜின் ஸ்டோனர் 1956-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1960-இல் பெற்ற அமைப்பு இவை எல்லாவற்றிலிருந்தும் விலகியது. குழலில் எடுத்த வாயு ஒரு மெல்லிய குழாய் வழியாகப் பின்னோக்கிப் போய்க் கேரியருக்குள்ளேயே விரிகிறது. போல்ட்டின் வால் பகுதியே பிஸ்டனாகவும் கேரியரின் உட்குழி உருளையாகவும் செயல்படுகின்றன. இதை நேரடி வாயு முறை என்று சொல்வது வழக்கமாகிவிட்டாலும், ஸ்வீடனின் 1942-ஆம் ஆண்டு லியுங்மன் ரைஃபிளையும் பிரான்சின் எம்.ஏ.எஸ்.-49 ரைஃபிளையும் போல வாயு வெறுமனே கேரியரை வந்து மோதுவதில்லை. ஸ்டோனரின் அமைப்பில் விசை குழலின் நேர்க்கோட்டிலேயே செயல்படுகிறது. குழலின் மேல் கனமான பிஸ்டனோ தண்டோ அசைவதில்லை. எடை குறைவதும் குறி நெருக்கமாக விழுவதும் இதன் பலன். ஆனால் ஒழுங்கி இல்லை, மிகையும் இல்லை. எந்த மருந்துக்காக, எந்த நீளக் குழலுக்காகக் கணக்கிட்டாரோ அதற்குள்ளேயே இது அழகாக ஓடும். அதை விட்டு விலகினால் மன்னிக்காது.

நான் முன்பு சொன்ன அந்த வரலாறு இதுதான். ஸ்டோனரும் அவருடைய சகாக்களும் ஏ.ஆர்.-15-ஐ உருவாக்கியபோது பயன்படுத்திய மருந்து ஐ.எம்.ஆர். 4475 என்னும், சிறு உருளைத் துண்டுகளாக வெட்டப்பட்ட வகை. அமெரிக்க இராணுவம் அந்தத் துப்பாக்கியை எம்16 என்ற பெயரில் ஏற்கும்போது குண்டு வினாடிக்கு 990 மீட்டர் வேகம் தொட வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. அந்த வேகத்தை அந்த மருந்தைக் கொண்டு, அனுமதித்த அறை அழுத்தத்துக்குள், பெரும் அளவு தயாரிப்பில் சீராக எட்டுவது மருந்து தயாரிப்பாளர்களுக்குக் கடினமாக இருந்தது. எனவே 1964-இல் டபிள்யூ.சி. 846 என்னும் உருண்டை மணி மருந்து ஏற்கப்பட்டது. அறையில் அதன் உச்ச அழுத்தம் வரம்புக்குள் இருந்தது, வேகமும் கிடைத்தது. தோட்டாவாக மட்டும் பார்த்தால் அதில் குறையே இல்லை. ஆனால் அது எரியும் போக்கு வேறு. குண்டு வாயுத் துளையைத் தாண்டும் நேரத்தில் அங்கிருந்த அழுத்தம் முந்தைய மருந்தைவிட உயர்ந்திருந்தது. கேரியர் வேகமாகப் பின்னோக்கி எறியப்பட்டது. தானியங்கி நிலையில் நிமிடத்துக்கு 850-க்கு மிகாமல் இருக்க வேண்டிய சுடுவேகம் ஆயிரத்தை எட்டத் தொடங்கியது.

போல்ட் முன்பே அவிழ்கிறது, உறை இன்னும் முழுதாகச் சுவரை விடவில்லை. இதோடு மற்ற விஷயங்களும் சேர்ந்துகொண்டன. அந்த மருந்தில் அமிலத்தை நடுநிலையாக்கச் சேர்க்கப்பட்ட கால்சியம் கார்பனேட் மெல்லிய வாயுக் குழாயில் படிந்தது. அறையின் சுவருக்குக் குரோமியப் பூச்சு இல்லாததால் வியட்நாமின் ஈரத்தில் அது துருப்பிடித்துச் சொரசொரப்பானது. பித்தளை அந்தக் குழிகளில் இறுகிக்கொண்டது. இந்தத் துப்பாக்கிக்குப் பராமரிப்பே வேண்டாம் என்ற எண்ணம் பரவியிருந்ததால் சுத்தம் செய்யும் கருவிகளும் போதிய அளவில் வழங்கப்படவில்லை. சண்டையின் நடுவே உறை அறையில் சிக்கிக்கொண்டால், துடைக்கும் கம்பியைக் குழல்வாய் வழியாக விட்டு இடித்துத்தான் அதை வெளியே எடுக்க வேண்டும். அந்தக் கம்பியும் இல்லாத வீரர்கள் இருந்தார்கள். 1967-இல் ரிச்சர்ட் ஐகார்ட் தலைமையிலான நாடாளுமன்றத் துணைக்குழு விசாரித்து, தோட்டாவின் குறைகளைத் திருத்த அதிகாரம் படைத்தவர்கள் காட்டிய மெத்தனம் குற்றத்துக்கு நெருக்கமான அலட்சியம் என்ற பொருளில் அறிக்கை அளித்தது.

திருத்தம் எப்படி வந்தது என்பதுதான் நம் கேள்விக்கு நேரடியான பாடம். பஃபர் எனப்படும், கேரியருக்குப் பின்னால் சுருள்வில்லோடு ஓடும் பாகத்தைக் கனமாக்கினார்கள். அதற்குள் சற்றே முன்பின் நகரும் எடைகளை வைத்தார்கள். நிறை கூடியதால் கேரியரின் வேகம் தணிந்தது. கேரியர் முன்னால் வந்து மோதியதும் மீண்டும் துள்ளிப் பின்வாங்கும் பழக்கமும், உள்ளே நகரும் எடைகள் சிறிது தாமதமாக வந்து அடிப்பதால் அடங்கியது. அறைக்குக் குரோமியம் பூசினார்கள். பிற்பாடு மருந்தில் கால்சியம் கார்பனேட்டின் அளவும் குறைக்கப்பட்டது. மருந்தை மாற்றியதன் விளைவை நிறையை மாற்றித் தீர்த்தார்கள் என்பதைக் கவனியுங்கள். குறை தோன்றிய இடம் ஒன்று, திருத்தம் செய்த இடம் வேறு.

இன்று பாகம் பாகமாகச் சேர்க்கப்படும் துப்பாக்கிகளில் இதே கதை சிறிய அளவில் திரும்ப நடக்கிறது. மூல வடிவத்தில் 20 அங்குலக் குழலில் வாயுத் துளை அறையிலிருந்து ஏறத்தாழ 13 அங்குலத் தொலைவில் இருந்தது. குழலைக் குட்டையாக்கியபோது துளையையும் பின்னுக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. கார்பைன் வகையில் அது எட்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான தொலைவில் இருக்கிறது. அறைக்கு எவ்வளவு அருகே துளை வருகிறதோ அவ்வளவுக்கு அங்கே அழுத்தமும் வெப்பமும் அதிகம், இயக்கமும் அவ்வளவு முன்கூட்டியே தொடங்குகிறது. குண்டு துளையைத் தாண்டியபின் குழல்வாயை அடையும்வரை வாயு ஊட்டப்படும் காலமும் முக்கியம். அது ஒரு மில்லிவினாடியின் ஐந்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கிறது. ஊஞ்சலைத் தள்ளும்போது எவ்வளவு பலமாகத் தள்ளுகிறோம் என்பதோடு எவ்வளவு நேரம் கையை வைத்திருக்கிறோம் என்பதும் சேர்ந்துதான் அது எவ்வளவு உயரம் போகும் என்று தீர்மானிக்கிறது, இங்கேயும் அப்படியே. வியட்நாம் காலத்தில் 10 அங்குலக் குழலோடு செய்த குட்டை வடிவங்களில், துளைக்கு முன்னால் குழல் மிகக் குறைவாக எஞ்சியதால் வாயு ஊட்டம் போதாமல் போய், குழல்வாயில் பின்னழுத்தத்தைக் கூட்டும் ஒரு கருவியைப் பொருத்தித்தான் அவற்றை ஓடவைக்க முடிந்தது. மூல வடிவத்துக்கும் கார்பைனுக்கும் நடுவே, ஏறத்தாழ பத்து அங்குலத்தில் துளை அமையும் இடைநிலை வகை பின்னாளில் விரும்பப்பட்டதற்கும் காரணம் அழுத்தமும் நேரமும் சேர்ந்த இந்தக் கணக்கே.

தயாரிப்பாளர்கள் பலர் எந்த மலிவான, வலு குறைந்த தோட்டாவிலும் துப்பாக்கி ஓட வேண்டும் என்பதற்காகத் துளையைத் தாராளமாகவே விடுகிறார்கள். வலுவான தோட்டா போட்டால் அப்போது வாயு மிகுந்துவிடுகிறது. இங்கே பலரை ஏமாற்றும் ஓர் அடையாளம் உண்டு. போல்ட் காலி உறையை எறிந்துவிட்டு, அடுத்த தோட்டாவை எடுக்காமல் வெறும் அறையின்மேல் மூடிக்கொண்டால், வாயு போதவில்லை, போல்ட் முழுதும் பின்னால் போகவில்லை என்றே எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் நேர்மாறான காரணத்தாலும் இதே அடையாளம் தோன்றும்: கேரியர் அளவுக்கு மீறிய வேகத்தில் பின்னால் போய்த் திரும்பி வரும்போது, மேகசினின் வில் அடுத்த தோட்டாவை மேலே தள்ளுவதற்கே நேரம் கிடைத்திருக்காது. வாயு குறைவென்று நினைத்து மெல்லிய சுருள்வில்லைப் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். இரண்டையும் பிரித்தறிய மற்ற அடையாளங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். உறையின் விளிம்பில் கவ்வியின் பல் பதிந்திருப்பது, விளிம்பு வளைந்திருப்பது, உறை முன்பக்கமாகக் கடுமையாக எறியப்படுவது ஆகியவை மிகையைக் காட்டுகின்றன. உறை சோம்பலாகப் பின்பக்கம் விழுவதும், மேகசின் காலியான பிறகும் போல்ட் பின்னால் நிற்காததும் பற்றாக்குறையைக் காட்டுகின்றன. உறை விழும் திசையை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்வதை நான் ஏற்பதில்லை. காலி உறையை வெளியே தள்ளும் எஜெக்டரின் வில் புதியதா தேய்ந்ததா என்பதே அந்தத் திசையை மாற்றிவிடும்.

தொடக்கத்தில் சொன்ன ஐந்தில் மிகவும் அலட்சியப்படுத்தப்படுவது மேகசின். விலை உயர்ந்த குழலையும் போல்ட்டையும் வாங்குபவர், உதடு விரிந்த பழைய மேகசினைக் கொண்டு சோதித்துவிட்டுத் துப்பாக்கியைக் குறை சொல்வது வழக்கமாக நடப்பது. எந்த ஆராய்ச்சிக்கும் முன்னால், நன்றாக இயங்குவதாகத் தெரிந்த வேறொரு மேகசினையும் தொழிற்சாலைத் தயாரிப்பான வழக்கமான தோட்டாவையும் வைத்துப் பார்ப்பதே அறிவுடைமை.

துல்லியத்துக்கு வருவோம். இதில் பரவலாக ஒரு குழப்பம் இருக்கிறது. கேரியர் பெருமளவு நகர்வதற்கு முன்பே குண்டு குழலை விட்டுப் போய்விடுகிறது. எனவே இயக்கம் மென்மையாகிவிட்டால் குறியும் தானாக நெருங்கிவிடும் என்பது பெரும்பாலும் உண்மையல்ல. இயக்கம் மென்மையானால் அடுத்த சுடலுக்குச் சுடுபவர் விரைவில் நிலைகொள்ள முடியும், அவ்வளவே. குறி நெருங்குவதற்குக் காரணமானவை குழலின் தரம், அறையின் நேர்மை, ஒவ்வொரு முறையும் போல்ட் ஒரே விதமாகப் பூட்டுவது, விசையின் சீர்மை, கைப்பிடியோ தாங்கியோ குழலைத் தொட்டு அழுத்தாமல் இருப்பது, எல்லாவற்றுக்கும் மேலாகக் குண்டுக்கும், அதைச் சுழலவைக்கக் குழலின் உட்புறத்தில் வெட்டப்பட்ட புரிக்கும் உள்ள பொருத்தம்.

அந்தப் பொருத்தத்தைக் கணக்கிட ஜார்ஜ் கிரீன்ஹில் 1879-இல் தந்த எளிய விதி இன்றும் வியப்பூட்டும் அளவுக்குப் பயன்படுகிறது. குண்டின் நீளம் அதன் விட்டத்தைப் போல எத்தனை மடங்கு என்று பார்த்து, 150-ஐ அந்த எண்ணால் வகுத்தால், எத்தனை விட்ட நீளத்துக்கு ஒரு சுற்று வேண்டும் என்பது கிடைக்கும். வேகம் மிகுந்த குண்டுகளுக்கு 150-க்குப் பதில் 180-ஐக் கொள்வது வழக்கம். இந்த ரைஃபிளுக்கான முதல் இராணுவத் தோட்டாவான எம்193-இன் குண்டு ஏறத்தாழ 19 மி.மீ. நீளமும் 5.7 மி.மீ. விட்டமும் கொண்டது, அதாவது 3.3 மடங்கு. கணக்குப் போட்டால் சுமார் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று வருகிறது. இந்த ரைஃபிளின் முதல் வடிவங்களில் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்றே இருந்தது; குளிர்ந்த, அடர்ந்த காற்றில் குண்டு தடுமாறுவது சோதனைகளில் தெரியவந்த பின் 1963-இல் 12 அங்குலத்துக்கு மாற்றினார்கள். 1980-களில் எம்16ஏ2 வந்தபோது ஏழு அங்குலத்துக்கு ஒரு சுற்று ஆனது. அதற்குக் காரணம் புதிய 62 கிரெயின் எடையுள்ள குண்டு மட்டுமல்ல. அதோடு சேர்ந்து பயன்பட்ட, பறக்கும் பாதையை ஒளியாகக் காட்டும் ஒளிக்கோட்டுத் தோட்டாவின் குண்டு ஏறத்தாழ 29 மி.மீ. நீளம் கொண்டது, அதற்கு இதே கணக்கு எட்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகவே விடை தருகிறது. ஆகவே எந்தப் புரி சிறந்தது என்று கேட்பதைவிட, எவ்வளவு நீளமான குண்டைச் சுடப்போகிறோம் என்று முதலில் முடிவு செய்வதே சரி.

துல்லியத்தை அளக்கும் முறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலர் தாங்கள் செய்த திருத்தம் பலித்ததாக நம்புவது இங்கே நேரும் ஏமாற்றத்தால்தான். மூன்று முறை சுட்டு, மிகத் தள்ளி விழுந்த இரண்டு துளைகளுக்கிடையே உள்ள தூரத்தை அளந்து, சென்ற வாரத்தைவிடச் சிறிதாகிவிட்டது என்கிறார்கள். சிதறல் இரு திசையிலும் சமமாக, இயல்பான பரவலாக இருக்கிறதென்று கொண்டால், ஒரு திசையின் திட்ட விலக்கத்தைப் போல மூன்று சுடலில் சராசரியாக 2.4 மடங்கும், ஐந்தில் 3.1 மடங்கும், பத்தில் 3.8 மடங்கும் இந்தத் தூரம் வரும். அதாவது எதையும் மாற்றாமலே, பத்துச் சுடலின் வட்டம் மூன்று சுடலின் வட்டத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் பெரிதாக இருக்கும். மூன்று சுடல் வட்டங்கள் தமக்குள்ளேயே பெரிதும் ஏறி இறங்குவதால், ஒரு சிறிய வட்டம் கிடைத்ததை வைத்துப் பாகத்தின் பெருமையைப் பேசுவதில் பொருளில்லை. ஒரே தோட்டாவில் பத்துப் பத்தாகச் சில தொகுதிகள் சுட்டு, ஒவ்வொரு துளையும் மையத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதன் சராசரியைப் பார்ப்பதே நம்பத்தக்கது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதும் இதிலிருந்தே வருகிறது. பஃபர், சுருள்வில், தோட்டா மூன்றையும் ஒரே நாளில் மாற்றியவருக்கு எது வேலை செய்தது என்று எப்போதுமே தெரியப்போவதில்லை.

கடைசியாக, இயக்கத்தையும் துல்லியத்தையும்விட முன்னால் பார்க்க வேண்டியவை சில உண்டு. கேள்வியில் இவை இடம்பெறாததால் அழுத்தியே சொல்கிறேன். வெவ்வேறு தயாரிப்பாளர்களின் குழலும் போல்ட்டும் சேரும்போது, பூட்டிய போல்ட்டின் முகத்துக்கும் அறையில் தோட்டா தங்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி அளவுக்குள் இருக்கிறதா என்பதை உரிய அளவுக் கருவியால் தகுதிவாய்ந்த துப்பாக்கித் தொழிலாளி ஒருவர் பார்த்த பின்னரே முதல் தோட்டாவை ஏற்ற வேண்டும். இடைவெளி மிகுந்தால் உறை நீண்டு கிழிந்து, 380 மெகாபாஸ்கல் அழுத்தமுள்ள வாயு பின்பக்கம் வரும். கையும் கண்ணும் அதற்கு அருகில்தான் இருக்கின்றன. .223 என்று குறிக்கப்பட்ட அறையில் 5.56 நேட்டோ தோட்டாவைச் சுடக்கூடாது. வெளியளவில் இரண்டும் பொருந்தினாலும், குண்டு புரியைத் தொடுவதற்கு முன் உள்ள தூரம் .223 அறையில் குறைவு, அதனால் அழுத்தம் உயர்கிறது. .300 பிளாக்அவுட் தோட்டாவும் அதே மேகசினில், அதே போல்ட்டில் உட்காரும். குழல் மட்டுமே வேறு. அதை 5.56 குழலில் சுட்டால், 7.8 மி.மீ. விட்டமுள்ள குண்டுக்கு 5.7 மி.மீ. குழலில் வழியில்லாமல் துப்பாக்கி வெடித்துச் சிதறும். இரண்டையும் வைத்திருப்பவர்கள் தோட்டாக்களையும் மேகசின்களையும் தனித்தனியே வைப்பதும், கண்ணில் படும்படி வேறு நிறத்தில் குறிப்பதும் கட்டாயம்.

எரியூசியையும் கவனிக்க வேண்டும். இந்த வகை ரைஃபிளில் ஊசியைப் பின்னுக்குப் பிடிக்கும் வில் கிடையாது. போல்ட் மூடும் வேகத்தில் ஊசி தானே முன்னோக்கி ஓடிப் பிரைமரை இலேசாகத் தொடும். தொடக்க காலத்தில் விசையை இழுக்காமலே துப்பாக்கி வெடித்த நிகழ்வுகளுக்குப் பிறகுதான் ஊசியின் எடையைக் குறைத்தார்கள். எனவே மெல்லிய பிரைமர் கொண்ட தோட்டாவும், கனமான ஊசியும், வேகமாக மூடும் போல்ட்டும் ஒன்றுசேர அனுமதிக்கக்கூடாது. தோட்டாவை ஏற்றும் ஒவ்வொரு முறையும் குழல் பாதுகாப்பான மண்மேட்டை நோக்கியே இருக்க வேண்டும். புதிதாகச் சேர்த்த துப்பாக்கியை முதல் முறை மேகசினில் ஒரே ஒரு தோட்டாவோடும், பிறகு இரண்டோடும் சோதித்து, ஒவ்வொரு காலி உறையையும் பொறுக்கி எடுத்து விளிம்பையும் பிரைமரையும் பார்த்த பின்பே மேலே தொடர வேண்டும்.